சயானில் இறங்கிப்போன மேகம்

1
இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. மும்பை லோக்கல் ரயிலில் தாதரில் ஏறினேன், அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவில் இறங்க வேண்டியவள். லேடீஸ் டப்பாவில் எதிரே இருந்த அம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டு, இமயமலையில் இருக்கும் மகளோடு ஒரு மேகத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். யாரால் இறங்க முடியும்?

(பெயர்கள் என் சொந்தச் சரக்கு. அம்மா முப்பிடாதியம்மாள், தாராவியில் ஒரு சால், அதாவது வரிசைவீட்டுக் குடியிருப்பு. மகள் இசக்கிசெல்வி, மேக ஆராய்ச்சி.)

2
முதல் தொடக்கம்: "வெண்பனி போர்த்திய சிகரங்களின் மௌனத்தில் இசக்கிசெல்வி..." வேண்டாம். நான் பார்த்த ஒரே பனி என் வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது. அதையும் கத்தியால் சுரண்டித்தான் பழக்கம்.

இரண்டாவது: குளிர்கால மேகத்துக்குள் உறையாமல் திரிகிற நீரைப் பனியாக்க, மலைமுகட்டிலிருந்து சுவிட்ச்சைத் தட்டி வெள்ளி அயோடைடு புகை விடுகிறார்கள். பனி விழுந்தால் கீழே இருக்கிற ஊருக்குக் கோடையில் ஓடைத் தண்ணீர். ஆனால் அது புகையால் விழுந்ததா, மேகம் தானாகவே பெய்திருக்குமா? அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மேகத்துக்கும் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். சிலவற்றுக்குப் புகை, மற்றதை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். (கட்டுரை வாடை அடிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், சண்டை புரிய வேண்டுமே.)

3
"எம்மா, இந்த சீசன்ல இதான் கடைசி நல்ல மேகம். புகை வேண்டாம்னு சீட்டு வந்துட்டு."

"அதுக்காவ சும்மா நிப்பியாட்டி? கீழ ஊர்க்காரவ தண்ணிக்கு என்ன செய்வாவ?"

"இப்ப புகைய விட்டா மூணு வருஷ வேலையும் பொய்யாயிரும்மா."

"ஜூலையில இங்க முழங்காலளவு தண்ணி நின்னப்ப, ஒம் மவ வேலதானன்னு சால்ல எல்லாரும் கேட்டாவ. அங்க ஒரு சுவிட்ச்சத் தட்ட ஒனக்குக் கை வலிக்கா? பைப்புல தண்ணி வரும்போது கொடத்த வைக்காம நான் என்னைக்காவது நின்னுருக்கேனா?"

சயான் வந்தது. "எம்மா, நான்..." என்றாள் மகள். முப்பிடாதியம்மாள் ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்தபடி இறங்கிவிட்டார்.

[பின்னாலேயே இறங்கியிருக்கலாம். வெட்கம் தடுத்தது. குர்லா வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன்.]

4
ஒரு முடிவு: தட்டுகிறாள், பனி கொட்டுகிறது, ஊரே மாலை போடுகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தால் இசக்கிசெல்வி முறைக்கிறாள்: "அந்த மேகம் தானாப் பெய்ய இருந்துச்சோ என்னவோ. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

இன்னொன்று: தட்டவில்லை, பனியும் இல்லை. ஆராய்ச்சி பிழைத்தது. கோடையில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி குடத்தோடு ஓடைக்கு... மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

5
அவள் முறைத்ததிலேயே ஒன்று புரிந்துவிட்டது: சுவிட்ச்சைத் தொடமாட்டாள். அதுவரைக்கும் என் பொறுப்பு. மேகம் இப்போது மலைமேல் நிற்கிறது. பெய்ய வைப்பதும் கலைத்துவிடுவதும் உங்கள் இஷ்டம்.

பெய்தால், "எம் மவதான்" என்று முப்பிடாதியம்மாள் சால் முழுக்கச் சொல்லுவார். பெய்யாவிட்டாலும் அதையேதான் சொல்லுவார், தலையைக் குனிந்துகொண்டு. அவள் சுவிட்ச்சையே தொடவில்லை, இரண்டுமே உண்மையில்லை என்று அவருக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.