ஸமட் முதலாவதாக இறங்கிய ஆட்டம்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் டோஹாவிலிருந்து லீவில் வந்த காலிதீன், மனைவி நஸீறாவுக்கென்று கொண்டுவந்த புத்தம்புது லெப்டொப்பை வந்த வாரமே கிண்டிப் போட்டான். எல்லாம் ஓர் ஆசையில் செய்தது.

கல்யாணம் முடித்த கையோடு வெளிநாடு போனவன் அவன். இரண்டு வருடமாக நஸீறா அவனுடைய குரலோடுதான் குடும்பம் நடத்தினாள். இனி முகம் பார்த்துக் கதைக்கலாம் என்றுதான் கமரா வைத்த லெப்டொப்பாகப் பார்த்து வாங்கிவந்தான். அதைத் திறந்து தன் முகத்தையே திரையில் கண்டபோது நஸீறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் சாய்ந்தமருதுக்குச் சாச்சி வீடு பார்க்கப் போயிருந்தாள். நஸீறாவின் தாயான மாமி சல்மா உம்மா சோறு தின்றுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தார். அப்போதுதான் பழைய கூட்டாளி புண்ணியமூர்த்தி சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான். மருதமுனைக்குப் பக்கத்து ஊரான பாண்டிருப்புதான் அவனுக்கு ஊர். பொடியன்மார் ஒவ்வொருவராகக் காணாமல் போன காலத்தில் அவனுடைய அம்மா அவனைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். இப்போது திரும்பி வந்து, கல்முனையில் கொம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் நிற்கிறான். இருவரும் நேரில் கண்டு மூன்று வருடத்துக்கு மேல்.

கட்டிப்பிடித்து நலம் விசாரித்து முடியவில்லை, மூர்த்தி சேர்ட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சீடியை எடுத்தான்.

“இது என்னெண்டு சொல்லு பாப்பம்.”

பேனையால் கோணல்மாணலாக எழுதியிருந்ததைப் படித்ததும் காலிதீனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அந்தக் கிரிக்கெட் விளையாட்டு!

சமாதான ஒப்பந்தக் காலம் அது. கல்முனை மெயின் ரோட்டில், புடவைக் கடையொன்றின் மேல்மாடியில் ஒரு நெட் கபே இருந்தது. காலிதீன், மூர்த்தி, ஸமட் மூன்று பேரும் ரியூஷன் விட்டதும் அங்கேதான் கிடப்பார்கள். நெட் பார்த்தது குறைவு. ஒரே கதிரையில் இரண்டு பேர் குந்தி, மூன்றாமவன் தோளில் தொங்கி, கிரிக்கெட் விளையாடியதுதான் அதிகம். அந்த விளையாட்டில் வீரர்களின் பெயரை மாற்றலாம். இலங்கை அணியை அழித்துவிட்டு மருதமுனை, பாண்டிருப்புப் பொடியன்மாரால் ஓர் அணியே கட்டியிருந்தார்கள். ஸமட் மட்டும் ஒவ்வொரு நாளும் சண்டை பிடிப்பான். மைதானத்தில் தோல்பந்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசுகிறவன் அவன். அங்கே கடைசி ஆள் என்றால் கொம்பியூட்டரிலும் கடைசி ஆள்தானா என்பது அவன் வழக்கு. மற்ற இருவரும் அசையவே இல்லை. ஸமட் பதினோராம் ஆளாகவே இருந்தான்.

ஸமட் நஸீறாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். சுனாமி வந்த காலையில் அவன் பல் துலக்கிக்கொண்டு கடற்பக்கத்து வாசலில் நின்றான் என்று நஸீறா ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் அவள் சொன்னதுமில்லை, காலிதீன் கேட்டதுமில்லை. நெட் கபேயையும் கொஞ்சக் காலத்தில் மூடிவிட்டார்கள். கொம்பியூட்டர்களை யார் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூர்த்தி சீடியை உள்ளே தள்ளினான். திரை கறுத்தது, ஒருதரம் மின்னியது, பழையபடி மூடிக்கொண்டது. மூன்று முறை பார்த்தும் அதே கதைதான்.

“இது விண்டோஸ் செவன் மச்சான். பழைய சாமான் இதுல ஓடாது. எக்ஸ்பி வேணும்.”

“அப்ப எக்ஸ்பியப் போடு.”

“விசரா உனக்கு? உள்ளுக்குள்ள இரிக்கிற எல்லாம் அழிஞ்சி போகும். புது மெஷின். எக்ஸ்பி போட்டா எது வேல செய்யும், எது செய்யாதெண்டு எனக்கே தெரியா.”

“உள்ளுக்க ஒண்டுமில்ல மச்சான். போடு.”

மூர்த்தி கடைக்குப் போய் எக்ஸ்பி சீடியோடு வந்தான். முதல் தடவை பாதியிலேயே நீலத்திரை விழுந்தது. இப்படியொரு ஹார்ட் டிஸ்க் இருப்பதே அந்தப் பழைய எக்ஸ்பிக்குத் தெரியவில்லை. மூர்த்தி உதட்டைக் கடித்தபடி, மெஷின் எழும்பும்போதே உள்ளே புகுந்து எதையோ மாற்றினான். பிறகு சரிவந்தது. இருவரும் தரையில் குந்தியிருந்து, திரையில் பெட்டி பெட்டியாக நிரம்பும் நீளக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வந்தது, நெட் கபேத் திரைகளில் தினமும் கண்ட அந்தப் படம். பச்சைப் புல் மூடிய மேடு, நீல வானம், வெள்ளை முகில். அது இங்கினியாகலைப் பக்கத்து மலைதான், வாப்பாவோடு லொறியில் போகும்போது கண்டிருக்கிறேன் என்று ஸமட் அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொல்லுவான். அமெரிக்காவில் எடுத்த படமாக்கும் என்று இவர்கள் சொன்னால் காறித் துப்புவான்.

“இங்கினியாகல,” என்றான் மூர்த்தி மெல்ல.

விளையாட்டு திறந்தது. ஆனால் சத்தமில்லை. அகலத் திரையில் வீரர்கள் எல்லோரும் வீங்கிப்போய் நின்றார்கள். பழைய அணி அந்த நெட் கபேயோடு போய்விட்டதால் பெயர்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. யாருக்குப் பிறகு யார் என்று இரண்டு பேரும் கத்திக் கத்திச் சண்டை பிடித்தார்கள். ஒரு பெயர் மிஞ்சி நின்றது.

“அவனை எங்க போட?” என்று கேட்டான் மூர்த்தி.

காலிதீன் முதலாம் இடத்தில் இருந்த தன் பெயரை அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக அமத்தினான். ஸமட்.

சத்தமில்லாத விளையாட்டு சவச்சவ என்றிருந்தது. மூர்த்தியே வானொலி அறிவிப்பாளர் குரலில் தொடங்கிவிட்டான். “ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் ஸமட், மருதமுனை மண்ணின் மைந்தர், இதோ பந்தை எதிர்கொள்கிறார்… தூக்கி அடித்தார்! ஸமட்! ஸமட்! நான்கு ஓட்டங்கள்!”

உள்ளறைக் கதவு திறந்தது. சல்மா உம்மா முக்காட்டை இழுத்து விட்டபடி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆரு ஸமடக் கூப்பிட்ட?”

அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் உரத்துச் சொல்லி ஐந்து வருடத்துக்கு மேல். மூர்த்திதான் எழுந்து நின்றான்.

“நான்தான் உம்மா. இது சும்மா வெளாட்டு. அவண்ட பேரப் போட்டு வெளாடுறம். மன்னிச்சிக்கங்க.”

அவர் கிட்ட வந்து பாயில் இருந்தார். திரையைக் கூர்ந்து பார்த்தார்.

“எது அவன்?”

காலிதீன் விரலால் காட்டினான். வெள்ளை உடுப்பில், தலைக்கவசத்தோடு நிற்கும் ஒரு சின்ன உருவம்.

“நல்லாக் கொழுத்திரிக்கான்,” என்றார் சல்மா உம்மா. “ஓடச் சொல்லுங்க மகன், பாப்பம்.”

காலிதீன் ஓடவிட்டான். ஓட வேண்டாத பந்துக்கும் ஓடவிட்டான்.

அந்த நேரம் பார்த்து நஸீறா வந்துசேர்ந்தாள். வாசலில் நின்றபடியே மாறிப்போயிருந்த திரையைக் கண்டுகொண்டாள்.

“இது என்ன? கமரா வேல செய்யுமா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூர்த்திதான் சொன்னான். “எக்ஸ்பிக்கு அந்தக் கமரா பிடிக்காது போல தங்கச்சி. சத்தமும் வருதில்ல.”

“அப்ப இவர் போனாப் பிறகு நான் என்னத்தப் பாத்துக் கதைக்கிற?” அவளுடைய குரல் உடைந்தது. “எனக்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே நீங்க.”

காலிதீன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கேட்டது முழுதும் நியாயம்.

“சத்தம் போடாத புள்ள,” என்றார் சல்மா உம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “காக்கா வெளாடுறான்.”

நஸீறா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு உம்மாவின் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “எத்தின அடிச்சிரிக்காரு?” என்று கேட்டாள்.

“பத்தொன்பது,” என்றான் காலிதீன்.

அடுத்த பந்தில் ஸமட் ஆட்டமிழந்தான். அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மட்டும் அவர்கள் அவனைத் திரும்பத் திரும்ப இறக்கினார்கள்.

மறுநாள் மூர்த்தி செவன் சீடியோடு வந்தான். அழிப்பதற்கு முன், “அந்த அணிய ஒரு பென் ட்ரைவுக்குள்ள போட்டு வெக்கட்டா?” என்று கேட்டான்.

“வேணாம் மச்சான். அடுத்த லீவுக்குப் புதுசா எழுதுவம். சண்ட பிடிக்கவும் ஒண்டு வேணுமே.”

“காக்காவக் கீழ தள்ளினா நான் லெப்டொப்பத் தரமாட்டன்,” என்றாள் நஸீறா குசினியிலிருந்து.

மூர்த்தி சிரித்துக்கொண்டே பொத்தானை அமத்தினான். அந்தப் பச்சை மேடு போயிற்று. மனம் வலிக்கும் என்று நினைத்திருந்தான் காலிதீன். அவ்வளவாக வலிக்கவில்லை. குசினியில் மீன் பொரியும் வாசம் வந்தது. தனக்கு நன்றாகப் பசிக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

“மூர்த்தியும் திண்டிட்டுத்தான் போகணும்,” என்று சல்மா உம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார்.