இடது பக்கத்துப் பற்கள்

உடலை ஏற்றிப் போக வந்த வண்டி பின்பக்கமாகச் சந்துக்குள் நுழைந்து, வாசல் மரத்துக் கிளையில் முட்டி நின்றது. டிரைவர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். தொடைப் பருமனில் ஒரு கிளை வழியை மறித்துக் குறுக்கே நீண்டிருந்தது. இதை எடுத்தால்தான் வண்டி உள்ளே வரும், மரம் வெட்டுகிற ஆள் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரம் வெட்டுகிற ஆள் உள்ளேதான் படுத்திருந்தார்.

யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார். அவர் மனைவிக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே என்று எரிச்சலும் வந்தது. ஊரான் வீட்டு மரத்தையெல்லாம் சாய்த்த மனுஷன், சொந்த வாசல் கிளையை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றே பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டார். மரக்காரர் என்றால்தான் சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரியும். நேற்று சாயங்காலம் வேலை முடித்து வந்து, டீ குடித்து, களைப்பாக இருக்கிறது என்று படுத்தவர் விடிந்தபோது எழுந்திருக்கவில்லை.

கொழுந்தனும் அதே வேலைதான் செய்கிறான். ஆனால் தகவல் கேட்டதும் கிடைத்த பஸ்ஸில் ஏறிக் கைவீசிக்கொண்டு வந்திருந்தான். அண்ணனின் மரம் அறுக்கும் மெஷினை எடுத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கிக் கேட்டான். நானே எடுத்து வருகிறேன் என்று அவள் எழுந்தாள்.

அடுக்களைக்குப் பின்னால் சிமென்ட் மேடையில் அது துடைத்து வைத்தபடி இருந்தது. துடைத்து வைத்தவள் அவள்தான். நேற்றும் அவர் படுத்த பிறகு மூடியைக் கழற்றி, காற்று வடிகட்டியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, அறுக்கும் செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின் விளிம்புப் பள்ளத்தில் அடைந்திருந்த எண்ணெய்த் தூளைக் கம்பியால் சுரண்டினாள். பிறகு தகட்டைத் திருப்பி மாட்டினாள், ஒரே விளிம்பு தேயக்கூடாது. கடைசியில் அரத்தை எடுத்துச் செயினின் பற்களை ஒவ்வொன்றாக ராவினாள். இந்தப் பக்கம் ஒரு பல், அந்தப் பக்கம் ஒரு பல் என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று தள்ளு.

பத்தொன்பது வருஷமாக இதுதான் அவள் சாயங்காலம். அவருக்கு வெள்ளெழுத்து வந்து, எதிர்த்தெரு மரத்து உச்சியில் கூடு தெரியும், கையிலிருக்கும் பல் தெரியாது என்றானபோது அவளாகத்தான் அரத்தை வாங்கிக்கொண்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டு அன்றைய மரத்தின் கதையைச் சொல்வார். எந்த வீடு, எவ்வளவு உயரம், யார் கீழே நின்று யோசனை சொல்லி உயிரை வாங்கினார்கள் என்று எல்லாம் வரும். தூளின் வாசனையை வைத்தே பச்சை மரமா பட்ட மரமா என்று அவள் சொல்லிவிடுவாள். அவள் கையில் பெட்ரோல் வாசனை போகவே போகாது. நம் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டியே வேண்டாம், உன் கையை நீட்டினால் போதும் என்று கேலி செய்வார். எவ்வளவு நல்ல சாயங்காலங்கள் அவை.

ஒரே ஒரு குறைதான். ராவி முடித்து, கடைசிப் பல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரியில்லை என்றும் சொன்னதில்லை. ஒருமுறை வாய்விட்டே கேட்டாள். "ம்" என்று சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினார். தன் கை அவருக்கு உதவியாக இருந்ததா, ஏதோ பெண்டாட்டி ஆசைப்படுகிறாள் என்று விட்டுவைத்தாரா? காலையிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது இதுதான். அழ வந்தவர்களிடம் இதையா சொல்ல முடியும்?

மெஷினை வாங்கிய கொழுந்தன் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினான். மூன்றாவது இழுப்பில் அது உறுமியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். கிளை தொடங்கும் இடத்தில் வைத்து அழுத்தினான். பாதி ஆழம் போனதும் தகடு ஒருபக்கமாக வளைந்து இறங்கி இறுகிக்கொண்டது. அணைத்துவிட்டு, "இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று முணுமுணுத்தான்.

அவள் காதில் அது விழுந்துவிட்டது.

"எது அப்படியே இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சமாளிச்சுடலாம்."

"எதுன்னு கேட்டேன்ல தம்பி."

அவன் தகட்டை அசைத்து அசைத்து வெளியே எடுத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வலது பக்கமாக இழுக்கிறது. வலப்பக்கத்துப் பல் நன்றாகக் கடிக்கிறது, இடப்பக்கத்துப் பல் சும்மா தடவிக்கொடுக்கிறது. அரம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் கை வாகாக வரும், மறுபக்கம் வராது. எண்ணிக்கை சமமாக இருந்தாலும் அழுத்தம் சமமாக இருக்காது.

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் இதை வாங்கி அறுத்தேன். கொடுண்ணே, சரி பண்ணித் தரேன்னேன். தொடாதடான்னு கத்திட்டாரு." அவன் தகட்டில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினான். "ராவி முடிச்சதும் அவ என் முகத்தைப் பாப்பாடா, அப்போ இதை எப்படிச் சொல்றதுன்னாரு. நான் இடதுபக்கமா கொஞ்சம் சாஞ்சு நின்னா நேரா வந்துரும், விடுன்னாரு."

அவள் மெஷினை வாங்கிப் பற்களை விரலால் தடவினாள். வலப்பக்கம் நகத்தில் சுரண்டியது. இடப்பக்கம் வழுக்கியது.

இடுப்பின் இடதுபக்கம். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குப்புறப் படுப்பார், அவள் தைலம் தேய்ப்பாள். அதென்ன ஒரே பக்கம் மட்டும் வலி, மறுபக்கத்துக்கு வயசாகலையா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். நேற்றுத்தான் தேய்க்கவில்லை, தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். பத்தொன்பது வருஷம் அந்த வலியை அவளே ராவி ராவிக் கொடுத்து, அவளே தேய்த்தும் விட்டிருக்கிறாள். உள்ளே போய் அவரை உலுக்கி எழுப்பிச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு தள்ளு கூடத் தள்ளியிருப்பாளே. பாழாய்ப்போன மனுஷன்.

"அண்ணி, கொடுங்க. நான் சாஞ்சு நின்னு அறுத்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம்" என்றாள். "அப்புறம் உனக்கும் இடுப்பு வலிக்கும்."

வாசற்படியில் உட்கார்ந்து மெஷினை மடியில் வைத்துக்கொண்டாள். மகளைக் கூப்பிட்டு அரத்தை எடுத்துவரச் சொன்னாள். மகள் அழுதபடியே, "இப்ப எதுக்கும்மா?" என்றாள். இருந்தாலும் எடுத்து வந்தாள்.

இடப்பக்கத்துப் பற்களை மட்டும் ராவினாள். கை அந்தப் பக்கம் வாகாக வரவில்லை. முழங்கையை விலாவில் முட்டுக்கொடுத்து, பல்லுக்கு ஐந்து தள்ளு தள்ளினாள். ஒரு பல் முடிந்ததும் செயினை நகர்த்தினாள், அடுத்த பல். அரத்தின் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

கடைசிப் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்காமல் மெஷினைக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

அவன் பெஞ்சில் ஏறினான். எல்லோரும் கிளை விழப்போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவன் இடுப்பைப் பார்த்தாள். இரண்டு காலையும் சமமாக ஊன்றி, நேராக நின்று அறுத்துக்கொண்டிருந்தான்.