ஐந்தேகால் மணி டயப்பர்

என் மனைவி முதலில் புளிப்பை விட்டாள். பிறகு காரத்தை, அதற்கும் பிறகு முட்டையை. எங்கள் ஐந்து மாதப் பெண்ணுக்கு, பூசணி என்றுதான் கூப்பிடுவோம், தொடையிடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்துவிட்டது. தண்ணீர் பட்டாலே வீரிட்டு அழுதாள். தன் பாலில்தான் ஏதோ கோளாறு என்று இவளாக முடிவு கட்டிக்கொண்டு, மூன்று வாரமாக வெறும் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். இவள் தையல் ஆலைக்குக் கிளம்பியதும் பூசணி என் பொறுப்பு. நான் வீட்டிலேயே மொபைல் ரிப்பேர் பார்க்கிறவன். கடுகளவு பாகத்தைப் பற்றவைக்கும்போது பாதியில் எழுந்திருக்க முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். டயப்பர் பெட்டியில் வேறு, பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். ஆய் போனால் மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு மாற்றுவேன். மற்றபடி காலையில் இவள் போட்டதே சாயங்காலம் வரை கனத்துத் தொங்கும். இவள் வருவது ஐந்தரைக்கு. ஐந்தேகாலுக்குப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பேன். இன்றிலிருந்து ஒழுங்காக மாற்ற வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன். நினைப்பதற்கு என்ன குறைச்சல்!

"பகல்ல எத்தனை தடவை மாத்துறீங்க?" ஆஸ்பத்திரியில் பூசணியைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார்.

இவள் முந்திக்கொண்டாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திடுவாரு டாக்டர். நான் வரும்போது எப்பவும் புதுசாத்தான் இருக்கும். என்னோட பால்தான் ஒத்துக்கல. நிறுத்திடட்டுமா?"

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஆனா இவ்வளவு ஒழுங்கா மாத்தி, களிம்பும் போட்டு ஆறலைன்னா, உள்ள ஏதாவது குறை இருக்கான்னு பாக்கணும். ரத்தம் எடுத்துடலாம்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

பக்கத்து அறையில் நர்ஸ் பூசணியின் கையில் ரப்பரைக் கட்டினார். மடிப்பு மடிப்பாக இருந்த அந்தக் கையில் நரம்பு எங்கே தெரியும்? குத்தினார். ரத்தம் வரவில்லை. பூசணி மூச்சடைத்துக் கத்தினாள். கத்திக்கொண்டே, தூக்கச் சொல்லி என் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தக் கையைக் குடுங்க, அதுல பாக்கலாம்" என்றார் நர்ஸ்.

"வேண்டாங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "குத்தாதீங்க. குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. நான் மாத்துறதில்ல. காலையில இவ போட்டதை, இவ வர்றதுக்கு முன்னாடிதான் கழட்டுவேன்."

நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் ரப்பரை அவிழ்த்தார். நான்கு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

இவள் பூசணியைத் தோளில் போட்டு, குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நாளைக்கு நான் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.