மைக்செட்காரரின் ஆறு எண்கள்

காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் மைக்செட்காரர் போனைத் திறந்தால், காது மெஷின் விளம்பரம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மனிதர் ஆடிப்போனார். இடது காது பாதி போய்விட்ட விஷயம் அவருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். அரங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்தால் பிழைப்பு போய்விடும். மனைவிக்குத் தெரிந்தால் அன்றைக்கே தொழிலை மூட்டை கட்டச் சொல்லிவிடுவாள்.

அன்று முழுக்க செட்டிங்ஸிலேயே குடியிருந்தார். லொகேஷனை அணைத்தார். விளம்பரக்காரர்கள் ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும் எண்ணை அழித்தார். மைக்கைத் தொடும் ஆப்களை ஒவ்வொன்றாகத் தடுத்தார். டார்ச்சுக்கு எதற்கு மைக் என்று அதையே கேட்டுத் திட்டவும் செய்தார். பூட்டிய திரையில் எந்தச் செய்தியும் தெரியாமல் மறைத்தார். கம்ப்யூட்டர் கேமராவுக்கு ஒரு பிளாஸ்திரி. கடைசியாகப் போனுக்குப் புதிதாக ஆறு எண் பூட்டு. இனி ஈ, எறும்புகூட நுழையாது என்று மீசையை நீவிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஓர் அரங்கில் ஏணி மேல் நின்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். மேனேஜருக்குப் போன் போடச் சொல்லி, வழக்கம்போல் கூட வந்து கீழே நின்ற மனைவியிடம் போனை நீட்டினார். நீட்டிய பிறகுதான் பூட்டு ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் திறந்து, பேசியும் முடித்துவிட்டாள்.

அவர் இறங்கி வந்து, எப்படித் திறந்தாய் என்று கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் ஆறு நம்பரையும் சத்தமா சொல்லிக்கிட்டே அடிக்கிறீங்க. மனசுக்குள்ள சொல்றதா உங்களுக்கு நினைப்பு. பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட மனப்பாடம்."

மைக்செட்காரருக்கு முகம் வெளிறியது. "அப்போ என் காது விஷயமும் தெரியுமா?"

"அது ரெண்டு வருஷமாத் தெரியும். ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும் இடது ஸ்பீக்கர் பக்கம் நின்னு கூட்டு, குறைன்னு கை காட்டறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

பாட்டு பிடித்துப்போய்க் கையை ஆட்டுகிறாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். வீட்டில் அவள் எப்போதும் தன் வலது பக்கமாகவே வந்து உட்காருவதும் இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆறுதலாக இருந்தது. ஊரையே சந்தேகப்பட்டவர், கூடவே நின்றவளைக் கவனிக்கவில்லை.

அங்கேயே பூட்டை மாற்றினார், இந்தத் தடவை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு. பிறகு, இவளுக்கு மட்டும் தெரியட்டும் என்று குனிந்து, புது எண்ணை அவள் காதில் ரகசியமாகச் சொன்னார்.

கடைசி வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.