இரண்டு எர்த் குழிகள்

என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சோதனை இருந்தது. புயலில் செல்போன் கோபுரங்கள் விழுந்துவிட்டால் செய்தி வாங்கிக் கொடுக்க எங்கள் வட்டாரத்துக்கு ஒரு ஹாம் ரேடியோ நிலையம் வேண்டும் என்று அவருடைய ரேடியோ குழு தீர்மானித்திருந்தது. பாம்பன் பக்கத்திலிருந்து ஒருவர் மிகக் குறைந்த சக்தியில் பேசுவார். அதைப் பிழையில்லாமல் கேட்டு எழுதுகிறவருக்கே அந்த நிலையத்தின் பொறுப்பு. லைசென்ஸ் எடுத்ததிலிருந்து இவர் காத்துக் கிடந்தது இதற்குத்தான்.

இடைஞ்சல் என்னால் வந்தது. நான் வீட்டிலிருந்தே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து சிவகாசி அச்சகத்துக்கு அனுப்புகிறவள். கான்கிரீட் சுவரைத் தாண்டி வைஃபை வராததால் முன்னறையிலிருந்து பின்னறைக்கு நெட் கேபிள் இழுத்திருந்தோம். நான் பெரிய ஃபைல் அனுப்பினால் அவருடைய ரேடியோவில் கடுகு வெடிப்பதுபோல் இரைச்சல் வரும்.

"நான் வேணா அந்த நேரம் கம்ப்யூட்டரை அணைச்சு வைக்கேன்" என்றேன்.

"புயல் உன்கிட்ட நேரம் கேட்டுக்கிட்டா வரும்? வீடு எப்பவும் போல ஓடணும், அப்பவும் எனக்குக் கேக்கணும்."

வெள்ளிக்கிழமை பழைய கேபிளை உருவிவிட்டு, உள்ளே உலோகத் தாள் சுற்றிய கேபிளைப் போட்டார். அந்தத் தாளை எர்த் செய்தால் இரைச்சல் வெளியே கசியாதாம். முன்னறை முனையை வீட்டு எர்த்தில் சேர்த்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன் அவர். அங்கே ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனி எர்த் குழி. மண்ணோடு சேராத உலோகத்தில் மின்சாரம் தேங்கும், தேங்கினால் பொறி, பொறி வந்தால் ஷெட் இருக்காது. பக்கத்து ஷெட் ஒன்று போனதைக் கண்ணால் பார்த்தவர். ஆகவே கொல்லையில் இன்னொரு குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, பின்னறை முனையையும் அதில் கட்டினார்.

இரைச்சல் இரண்டு மடங்கானது.

சனிக்கிழமை முழுவதும் அவர் உட்காரவில்லை. மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் பிடிக்கும் என்று குழியில் தண்ணீர் ஊற்றுவார், ரேடியோவுக்கு ஓடுவார், மறுபடி குழிக்குப் போவார்.

"அந்தக் குழிக்கு எம்புட்டுத் தண்ணிதான் ஊத்துவீக? தென்னம்பிள்ளை முளைச்சிரும்" என்றேன். சிரிக்கவில்லை. வைத்த சோறு ஆறிப்போனது.

ஞாயிறு காலை விருதுநகரிலிருந்து ஹரிபிரசாத் வந்தான். அதே ரேடியோ குழுவில் இருப்பவன், எங்களை உறவுமுறை சொல்லியே கூப்பிடுவான். இரைச்சலை அடக்கக் கேபிள் மேல் மாட்டும் கறுப்பு ஃபெரைட் வளையங்கள் கொண்டு வந்திருந்தான். கொல்லையை எட்டிப் பார்த்தவன் தலையில் கை வைத்தான்.

"அண்ணாச்சி, இது வீடா, வெடி மருந்துக் கிட்டங்கியா? ரெண்டு குழிக்கும் நடுவுல கேபிளே ஏரியல் மாதிரி இரைச்சலை வாங்கிக் கொட்டுது. ஒரு முனை போதும். கொல்லைல கட்டுனதைக் கழட்டுங்க."

"ஏலே, சும்மா தொங்க விடச் சொல்லுதியா?"

"ஆமா."

"அது தப்புலே."

"மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க. நேரமாகுது."

அவர் ஸ்பேனரை எடுத்தார், வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். நட்டு கழன்று கம்பி விலகியதும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். ஹரி இரண்டு முனைகளிலும் வளையங்களைப் போட்டு, கேபிளை அதற்குள் சில சுற்று சுற்றினான்.

நான் அச்சகத்துக்கு ஃபைலை அனுப்ப ஆரம்பித்தேன். ரேடியோவில் மெல்லிய சீறல் மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து பாம்பன்காரர் குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் வந்தது. இவர் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. கண் பேனாவில் பாதி, தொங்கும் கம்பியில் பாதி. ஆனாலும் எழுதினார். திருப்பி வாசித்தார். படகுகளின் எண்ணிக்கை, ஊர்ப்பெயர், மருந்தின் பெயர் எல்லாம் சரி என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். பொறுப்பு இவருக்கே என்றும் சொன்னார்கள்.

ஹரி கைதட்டினான். இவர் என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்த முனை இனிமே இப்படியேதானா?"

"இப்படியேதான். பொறுப்பை வாங்கிட்டீகள்ல" என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. ஆலைக்குள் போன் கூடாது. கேட்டைத் தாண்டி டீக்கடை வரை நடந்து வந்திருக்கிறார்.

"செல்வி, அந்தக் கம்பி சூடா இருக்கான்னு தொட்டுப் பாரு."

தொட்டேன். "சுவரு மாதிரி குளுந்து கெடக்கு."

"நல்லாத் தொட்டியா?"

"தொட்டுக்கிட்டேதான் பேசுதேன்."

டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, கையை எடுத்துரு" என்றார்.