மெஷினுக்குப் போகாத வெள்ளிக்கிழமை

சத்யப்பிரியா போனில் இங்கிலீஷ் பேசிப் பழகும்போதெல்லாம் அவள் அப்பா செல்லக்கண்ணு டிவியை அணைக்கச் சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கேட்பார்.

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனைக்கு நர்ஸ் எடுக்கிறார்கள். புதன்கிழமை வீடியோவில் இன்டர்வியூ. சவுதியில் வேலை பார்த்தவள்தான் அவள். அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கல்லங்குறிச்சிக்கு வந்துவிட்டாள். அம்மா முன்னமே இறந்துபோயிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் அப்பாவை ஸ்கூட்டியில் உட்கார வைத்து அரியலூர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவாள். மற்ற நாட்களில் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. வெளிநாட்டு வேலை கிடைத்தால் அப்பாவைத் திருப்பூரில் இருக்கும் அண்ணன் வேல்முருகன் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டதற்கு, "பாப்போம்" என்றான். அந்தப் 'பாப்போம்' என்னவென்று செல்லக்கண்ணுவுக்குத் தெரியும்.

கூட வேலை பார்க்கும் பிரவீணாதான் போனில் கேள்வி கேட்டுப் பழக்கினாள். நோயாளி சிகிச்சை வேண்டாம் என்றால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு மட்டும் சத்யப்பிரியா தடுமாறிக்கொண்டே இருந்தாள்.

"எப்படியாவது சம்மதிக்க வெப்பேன்னு சொல்லிடாதடி. நம்மூரு மாதிரி அதட்டி ஊசி போடுறதெல்லாம் அங்க நடக்காது" என்றாள் பிரவீணா.

போனை வைத்ததும் செல்லக்கண்ணு கேட்டார். "என்ன பாப்பா, ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்ற?"

"நோயாளி வைத்தியம் வேணாம்னா என்ன பண்ணுவேன்னு கேப்பாங்கப்பா."

"என்ன பண்ணணுமாம்?"

"ஏன் வேணாங்குறாங்கன்னு கேக்கணும். பண்ணிக்கலன்னா என்ன ஆவும்னு புரியுற மாதிரி சொல்லணும். டாக்டருக்குச் சொல்லணும். அப்பவும் வேணாம்னா கட்டாயப்படுத்தக் கூடாது. அது அவங்க உரிமை."

"திட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"நல்ல ஊருதான்" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்கூட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு உள்ளே வந்தால், அவர் சட்டைகூடப் போடாமல் படுத்திருந்தார்.

"நான் மெஷினுக்கு வரல பாப்பா."

"ஏன்?"

"குத்திக் குத்திக் கை புடைச்சுப் போச்சு. மெஷின்லேருந்து வந்தா அன்னைக்கு முழுக்கப் பொணமாட்டம் கெடக்குறேன். மறுநாள்தான் எந்திரிக்கிறேன். அதுக்குள்ள அடுத்த மெஷின் வந்துடுது. போதும்."

"நான் போறதுக்காகச் சொல்றியா?"

அவர் பொய் சொல்லவில்லை. "அதுவுந்தான்."

நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், படுக்க முடியாது, இதயம் சட்டென்று நின்றுவிடும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தெரியும் என்றார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த இராமலிங்கம் அப்படிப் போனதை அவரும்தான் பார்த்திருந்தார். நான் எங்கேயும் போகவில்லை, இன்டர்வியூவே வேண்டாம் என்று அழுதாள். அப்படியென்றால் இனி எப்போதும் வரமாட்டேன் என்றார். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கையைப் பிடித்து இழுத்தாள். ஊசி குத்தும் கை அது. அவர் வலியில் கத்தியதும் விட்டுவிட்டாள்.

டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேச வைத்தாள். செல்லக்கண்ணு எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"புதன்கிழமை உன் இன்டர்வியூவ முடி. முடிச்சுட்டு வா, வரேன்."

இடையில் செவ்வாய்க்கிழமையும் போய்விடும். அதுவரை தாங்குகிறவர்களும் உண்டு, தாங்காதவர்களும் உண்டு. நர்ஸாக யோசித்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆனால் வேறு வழி இல்லாமல் ஒப்புக்கொண்டாள். தண்ணீரை அளந்து கொடுத்தாள். பொட்டாசியம் ஏறிவிடும் என்று பழம், இளநீர் எதையும் கண்ணில் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்துதான் மூச்சு விட்டார். இப்பவே போயிடலாம்ப்பா என்று கெஞ்சினாள். "நாளைக்குத்தானே" என்றார்.

புதன்கிழமை அத்தை வைரக்கண்ணுவை அவருக்குத் துணையாக விட்டுவிட்டு பஸ் ஏறினாள். பெரம்பலூரில் பிரவீணா வீட்டில் நெட் நன்றாக வரும். திரையில் மூன்று பேர் இருந்தார்கள். புண்ணுக்கு மருந்து கட்டுவது பற்றிக் கேட்டார்கள், கூட வேலை செய்கிறவரோடு தகராறு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். சிகிச்சை வேண்டாம் என்கிற நோயாளியைப் பற்றிய அந்தக் கேள்வி வரவே இல்லை. முடிவில், நீ ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். பழகி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் மறந்துபோய், அப்பாவை அழைத்து வந்து கூட வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். கணவன், குழந்தைகள் என்றால் வழி இருக்கிறது, பெற்றோர் என்றால் கஷ்டம் என்று ஒரு அம்மாள் தன்மையாக விளக்கினார். சத்யப்பிரியா சிரித்து நன்றி சொன்னாள்.

சத்தமில்லாமல் வைத்திருந்த போனை எடுத்தால் அத்தை திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தாள்.

நடந்தது இதுதான். செல்லக்கண்ணு தானே எழுந்து வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு ஆட்டோ கூப்பிடச் சொல்லியிருக்கிறார். "புள்ள முடிச்சிருக்கும். அங்கேருந்து வூட்டுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போவணும்னா நேரமாவும். நான் ஆஸ்பத்திரிக்கே போயிடுறேன், அங்க வந்துடச் சொல்லு" என்றாராம். ஆட்டோ அரியலூரைத் தொடும் முன்பே மூச்சு இரைத்து, தங்கை வைரக்கண்ணுவின் தோளில் தலை சாய்ந்துவிட்டது. சத்யப்பிரியா பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அவள் துணியை விலக்கிக் கழுத்தில் நாடி பார்த்தாள். கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள்.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. வேல்முருகன் வந்தவர்களிடமெல்லாம், "தங்கச்சி நர்ஸுங்க, கூடவே இருந்து பாத்துக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்க முடியாமல் அவள் கொல்லைப் பக்கம் போய்விடுவாள்.

காரியம் முடிந்த பிறகு வேலை கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது. வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டு அத்தையிடம் சொன்னாள்.

"எங்கண்ணன் நெனச்ச மாதிரியே ஆச்சு. சந்தோசமாப் போயிட்டு வா" என்றாள் வைரக்கண்ணு.

"சந்தோசமெல்லாம் இல்ல அத்தை. இந்த வூட்டுல இருக்க முடியல, அதான்."

வைரக்கண்ணு தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் நகர்த்தினாள். சத்யப்பிரியா பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.