கக்கூஸ் அடைத்துக்கொண்ட வாரம்

தங்கவேலுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு நாள். அத்தனை நாளில் செல்லி அவனிடம் பேசியதையெல்லாம் அளந்து போட்டால் ஒரு உழக்கு நிறையாது. "சாப்புடறீங்களா", "தண்ணி வேணுமா", அதோடு சரி. இருபத்து மூன்றாம் நாள் காலையில் அவளாக வாய் திறந்தாள்.

"எங்கம்மா வூட்டுக்குப் போறேங்க."

துணி மூட்டை வாசலில் தயாராக இருந்தது.

தங்கவேல் வனத்துறை கார்டு. அவனும் ஜவ்வாது மலையில் சாமைச் சோறு தின்று வளர்ந்தவன்தான். ஆனால் வேலூரில் ஒரு வருஷம் டிரெயினிங் போனதில் கிராப்பு, விசில், கக்கூஸ் மூன்றும் பழகிவிட்டன. எழுபத்தொன்பதில் மலைமேல் குவார்ட்டர்ஸ் கட்டி, பீங்கான் வைத்த கக்கூஸோடு கொடுத்தார்கள். பெண் கேட்டுப் போனபோது அதைத்தான் முதலில் சொன்னார்கள். செல்லியின் அப்பா, "எம்பொண்ணு மழையில காட்டுக்குப் போவ வேணாம்" என்று ஊர் முழுக்கப் பெருமையடித்தார். அந்தக் கக்கூஸ் இப்போது நாலு நாளாக அடைத்துக்கொண்டு, ஊற்றிய தண்ணீர் இறங்காமல் விளிம்புவரை நிற்கிறது.

கக்கூஸைக் காட்டிக் கட்டிய பெண், கக்கூஸ் போனதும் போகிறாள் என்று முதலில் நினைத்தான். பிறகு யோசித்துப் பார்த்தான். இல்லை, என்னைத்தான் பிடிக்கவில்லை.

"மத்தியானம் வரைக்கும் இரு. இத்த சரி பண்ணிட்டு நானே கொண்டுபோயி வுடறேன்."

அவள் தலையாட்டினாள்.

பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் பஞ்சாட்சரம் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசனை சொன்னார். "திருப்பத்தூர்ல சொன்னா ஆளு வருவான் தம்பி. நீ இன்னாத்துக்கு இதுல கைய வெச்சிக்கினு?"

"எங்க வூட்டு அழுக்குக்கு இன்னொருத்தன் எதுக்குங்க?" என்றான் தங்கவேல். சொல்லும்போது வீராப்பாகத்தான் இருந்தது.

பின்பக்கம் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தான். பாதிகூட நிறையவில்லை. அப்படியென்றால் அடைப்பு பீங்கானுக்கு அடியில், வளைவில்தான். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினான்; முட்டி நின்றது. முனையில் சாக்குத் துணியைக் கட்டி மேலும் கீழும் இடித்தான். இடித்ததற்கெல்லாம் அவன் முகத்திலேயே தெறித்தது. கடைசியில் சட்டையைக் கழற்றிவிட்டு, உர மூட்டையின் உள்பையைக் கையில் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முழங்கைவரை விட்டான்.

வந்தது அவன் நினைத்தது இல்லை. சாம்பல். ஊறி, இறுகி, சிமெண்டு மாதிரி பிடித்த அடுப்புச் சாம்பல். தோண்டித் தோண்டி முக்கால் பக்கெட் எடுத்தான்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மலையில் வெளிக்குப் போனால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் வர வேண்டும். மூடாமல் வருகிறவனை ஊரே சிரிக்கும். அதை மறந்து எத்தனை வருஷமாயிற்று.

செல்லி கதவோரம் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நாந்தாங்க போட்டேன். இங்க மண்ணு இல்லியே, அதான் அடுப்புச் சாம்பல அள்ளியாந்தேன். உங்க கக்கூஸ நாந்தான் கெடுத்தேன். எந்த மூஞ்ச வெச்சிக்கினு இங்க இருப்பேன்?"

"அதுக்கா போறேன்ன?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவனுக்குப் போன உயிர் வந்தது. பக்கெட்டைப் பார்த்தான்.

"சரி, ஒரு ஆளுக்கு இவ்ளோ சாம்பலா?"

செல்லி தரையைப் பார்த்தாள். "நீங்க டவுன்ல இருந்துட்டு வந்தவரு. மூட மறந்துட்டு வந்துடறீங்க. யாராச்சும் பாத்தா உங்கள இன்னா நெனைப்பாங்க? கேட்டா உங்களுக்கு வெக்கமா இருக்கும். அதான் நீங்க டூட்டிக்குப் போனப்புறம் உங்களதுக்கும் நானே போட்டு மூடினேன்."

தங்கவேலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெற்ற தாய்கூட அவன் மானத்தை இப்படிக் காத்ததில்லை. பேசத் தெரியாத பெண் என்று இவளையா நினைத்தான். அவளைப் பிடித்து இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளத் தோன்றியது. கை இருந்த நிலையில் அது நடக்கிற காரியமா?

ஒரு வாளித் தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றினான். கொடகொடவென்று இறங்கியது.

செல்லி குடத்தோடு வந்து அவன் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு குடத்தை வைத்துவிட்டு, அரப்புத் தூளைக் குழைத்து அவளே அவன் விரல்களைத் தேய்த்தாள். தேய்த்துக் கழுவினாள். மறுபடியும் தேய்த்தாள்.

"போதும், சுத்தமாயிடுச்சி" என்றான். "போவணும்னியே, வெயில் ஏறுது."

"இன்னும் இருக்குங்க" என்றாள், கையை விடாமல். "இது எப்ப சுத்தமாவறது, நான் எப்ப போறது."